மாற்றுச் சான்றிதழுக்கு முன் ஒரு கேள்வி



சென்ற ஆண்டு ஜூன் மாதம், பள்ளிகள் திறந்த முதல் வாரம். அஸர் தொழுகை முடித்து வீடு திரும்பியபோது எங்கள் தெருவைச் சேர்ந்த சகோதரி ஒருவர் வாசலில் காத்திருந்தார். கணவர் இரும்புக் கடையில் கூலிக்கு வேலை செய்பவர். மகள் மாநகராட்சிப் பள்ளியில் நான்காம் வகுப்பை முடித்து ஐந்தாம் வகுப்பில் அடியெடுத்து வைத்திருந்தாள்.

“அண்ணே, புள்ளைக்கு டி.சி. வாங்கணும். ஹெட்மாஸ்டர்ட்டப் பேச நீங்களும் கூட வாங்க” என்றார்.

காரணம் கேட்டேன். காலை மதரஸாவில் குர்ஆனைத் தடையின்றி ஓதும் பிள்ளை, தமிழ்ப் பாடநூலில் ஒரு பத்தியைத் திக்காமல் வாசிக்க இயலாமல் தவிக்கிறாள் என்றார். கழுத்திலிருந்த இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைத்துத் தனியார் பள்ளியில் சேர்ப்பதென்று முடிவாகியிருந்தது.

“இதைப் பற்றிப் பள்ளியில் என்ன சொன்னார்கள்?” என்றேன்.

“என்னத்தச் சொல்லுவாக? நான் கேக்கலையே, அண்ணே” என்றார்.

நான்கு ஆண்டுகளாக அவர் கேட்கவில்லை. நான்கு ஆண்டுகளாகப் பள்ளியும் அவரை அழைத்து உட்கார வைத்துச் சொல்லவில்லை. இரு தரப்பு மௌனத்துக்கும் நடுவில் ஒரு குழந்தை வாசிக்கத் தெரியாமல் வளர்ந்துவிட்டது. மதுரை நகரின் நெல்பேட்டை, மகபூப்பாளையம், முனிச்சாலை தெருக்களிலும் மேலூர், திருமங்கலம் பக்கத்து ஊர்களிலும் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்தக் கதை புதிதன்று. பள்ளி நன்றாக இல்லை என்று தோன்றினால் நமக்குத் தெரிந்த வழிகள் இரண்டே. ஒன்று, விதியென்று சும்மா இருப்பது. மற்றொன்று, மாற்றுச் சான்றிதழ் வாங்குவது. இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. அது பள்ளிக்குள் சென்று கேட்பது, கேட்டபின் அங்கே ஓர் இடம் பெற்று அமர்வது. சட்டம் நமக்கு அளித்துள்ள உரிமை அது. மார்க்கம் நம்மீது சுமத்தியுள்ள பொறுப்பும் அதுவே.

பள்ளி சொல்லக் கடமைப்பட்டது என்ன?

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தை நம்மில் பலர் 25 விழுக்காட்டு இட ஒதுக்கீட்டோடு மட்டுமே இணைத்து அறிந்திருக்கிறோம். அச்சட்டத்தின் 24-ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளை வரிசைப்படுத்துகிறது. அவற்றுள் ஒன்று, பெற்றோர் கூட்டங்களைத் தவறாமல் நடத்தி, குழந்தையின் வருகை ஒழுங்கு, கற்கும் திறன், கற்றலில் அடைந்துள்ள முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிப்பது. மதிப்பெண் அட்டையில் கையொப்பம் வாங்கி அனுப்புவதோடு அக்கடமை முடிந்துவிடுவதில்லை. ஆகவே, “என் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறாள்?” என்று தாய் கேட்பது ஆசிரியரைக் குற்றம் சாட்டுவதாகாது. சட்டப்படி தமக்கு வரவேண்டிய விடையைத்தான் அவர் கேட்கிறார்.

கேள்வியைச் சரியாகக் கேட்கவும் தெரிந்திருக்க வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் ஏற்பட்ட கற்றல் இழப்பை ஈடுசெய்ய, தமிழ்நாடு அரசு 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’யையும், 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தையும் தொடங்கியது. பின்னது முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும், பின்னர் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் வந்தது. அதன்படி வகுப்பிலுள்ள குழந்தைகளை அவர்களுடைய கற்றல் நிலையை ஒட்டி அரும்பு, மொட்டு, மலர் என மூன்றாகப் பிரித்துக் கற்பிக்கின்றனர். ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை அடிப்படைத் தமிழ், ஆங்கிலம், கணிதத்தில் பின்தங்கியோருக்கெனத் ‘திறன்’ என்னும் பயிற்சி 2025-இல் வந்துள்ளது.

எனவே “பிள்ளை நல்லா படிக்குதா, டீச்சர்?” என்று கேட்டால் “பரவாயில்லை” என்ற விடைதான் கிடைக்கும். “தமிழில் அரும்பா, மொட்டா, மலரா? சென்ற ஆண்டு எதில் இருந்தாள்? அடுத்த நிலைக்கு வர என்ன செய்யப் போகிறீர்கள்? வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்டுப் பாருங்கள். உரையாடலின் போக்கே மாறிவிடும்.

அந்தச் சகோதரியுடன் பள்ளிக்குச் சென்றபோது நடந்ததும் அதுவே. ஆசிரியை மறைக்கவில்லை. பிள்ளை தமிழில் இன்னும் ‘அரும்பு’ நிலையில்தான் இருக்கிறாள் என்று பதிவேட்டைத் திறந்து காட்டினார். இரண்டு வகுப்புகளைத் தாம் ஒருவரே ஒரே அறையில் பார்க்க நேர்வதையும் ஒப்புக்கொண்டார். கூடவே, சென்ற ஆண்டு பிள்ளை ஏறத்தாழ நாற்பது நாள்கள் வரவில்லை என்பதையும் சொன்னார். தாய் தலைகுனிந்தார். உறவினர் திருமணங்களும், தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்திய நாள்களும் அந்த நாற்பதில் அடங்கியிருந்தன. உண்மை இரு பக்கமும் இருந்தது. அதைப் பேசி முடிக்க அரை மணி நேரமே ஆயிற்று.

ஒரு பிள்ளை வெளியேறினால்

நாம் எடுக்கும் ஒவ்வொரு மாற்றுச் சான்றிதழும் நம் வீட்டோடு முடிந்துவிடுவதில்லை. சட்டத்தின் அட்டவணைப்படி, தொடக்கப் பள்ளியில் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை மூவர். 91 முதல் 120 வரை நால்வர். நம் மாநில அரசுப் பள்ளிகளில் ஆகஸ்ட் முதல் நாள் நிலவரப்படி மாணவர் எண்ணிக்கையைக் கணக்கிட்டு ஆசிரியர் பணியிடங்களை நிர்ணயிப்பது வழக்கம். மிகுதியென்று காணப்படும் ஆசிரியர் பணி நிரவலில் வேறு பள்ளிக்கு அனுப்பப்படுவார்.

இதன் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். 61 குழந்தைகள் உள்ள பள்ளியிலிருந்து ஒரே ஒரு பிள்ளை விலகினாலும் மூன்றாவது ஆசிரியரை அப்பள்ளி இழக்க நேரிடலாம். அதன்பின் ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு பேர். தரம் மேலும் தாழ்கிறது. இன்னும் சிலர் வெளியேறுகின்றனர். இறுதியில் அங்கே எஞ்சியிருப்பவர்கள் யார்? அடகு வைக்கச் சங்கிலிகூட இல்லாத வீட்டுப் பிள்ளைகள். அவர்களும் நம் மஹல்லாவின் பிள்ளைகளே.

இதைச் சொல்வதால், சமுதாய நலனுக்காக ஒருவர் தம் பிள்ளையின் எதிர்காலத்தைப் பலியிட வேண்டும் என்று நான் கூறவில்லை. எந்தத் தாயிடமும் அப்படிக் கேட்க எவருக்கும் உரிமை கிடையாது. வெளியேறும் முடிவு விவரம் அறிந்த முடிவாக இருக்கட்டும் என்பதே என் வேண்டுகோள்.

நமக்கென ஒதுக்கப்பட்ட நாற்காலிகள்

அச்சட்டத்தின் 21-ஆம் பிரிவு அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும் என்கிறது. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரித்துப் பரிந்துரைப்பது, வந்த நிதி எவ்வாறு செலவாயிற்று என்று பார்ப்பது ஆகியவை அக்குழுவின் பணிகள். தமிழ்நாட்டில் 2022-இல் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. 2024-இல் மீண்டும் அமைக்கப்பட்டபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தரப்பட்டது.

ஆக, ஒரு பள்ளி தடுமாறும்போது அதைத் தூக்கி நிறுத்தும் திட்டத்தை எழுதும் மேசையில் பெரும்பான்மை பெற்றோருக்கே உரியது. அந்த நாற்காலிகளில் நம் வீட்டார் எத்தனை பேர் அமர்ந்திருக்கிறோம்? அமர்ந்திருந்தாலும், பதிவேட்டில் கையொப்பமிட்டுத் தேநீர் அருந்தித் திரும்புவதற்கு அப்பால் என்ன கேட்டிருக்கிறோம்? ஆசிரியர் பணியிடம் காலியாக உள்ளதா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் வகுப்புவாரியாக எத்தனை பேர், அடுத்த ஜூனுக்குள் அந்த எண்ணிக்கையை எவ்வளவு குறைக்கப் போகிறோம்? இந்நான்கு கேள்விகளைக் கேட்கப் பட்டம் எதுவும் தேவையில்லை.

கூடிக் கலந்து காரியமாற்றுவதைக் குர்ஆன் இறைநம்பிக்கையாளரின் பண்புகளுள் ஒன்றாகப் போற்றுகிறது. ‘அஷ்ஷூரா’ என்று ஓர் அத்தியாயத்துக்கே பெயர் அமைந்துள்ளது. நிக்காஹ் முதல் சொத்துப் பிரிவினை வரை மஷூரா செய்யும் நாம், பிள்ளையின் பள்ளி விஷயத்தில் மட்டும் மஷூராவுக்கு அழைத்தாலும் போவதில்லை. பெண்கள் செல்வது எப்படி என்று தயங்குவோருக்கு ஒன்று சொல்வேன். சந்தைக்கும் மருத்துவமனைக்கும் நம் பெண்கள் கண்ணியத்தோடு சென்று வருகிறார்கள். பிள்ளையின் வகுப்பறை அவற்றைவிட அந்நியமான இடமன்று.

அரசு எதுவும் செய்வதில்லை என்று சொல்வதும் நியாயமாகாது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது நம் நெல்பேட்டையில்தான். ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில். முதற்கட்டத்தில் 1,545 பள்ளிகள். மறு ஆண்டே மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் அது விரிந்தது. பசியோடு வந்த பிள்ளை வயிறு நிறைந்து வகுப்பில் அமர்கிறது. ஆனால் வயிறு நிறைந்த பிள்ளை வாசிக்கக் கற்றதா என்பதை அடுப்படியில் அறிய முடியாது. அதை வகுப்பறையில்தான் கேட்டறிய வேண்டும்.

எந்த வழிக்கு என்ன விலை?

கேட்டுப் பார்த்தும் மனம் நிறைவடையவில்லையெனில் நம் முன்னுள்ள வழிகளை வரிசையாகக் காண்போம்.

முதலாவது, குறையை எழுத்தில் தருவது. 32-ஆம் பிரிவின்படி குழந்தையின் கல்வி உரிமை தொடர்பான குறையை உள்ளாட்சி அமைப்பிடம் எழுதிக் கொடுக்கலாம். மூன்று மாதங்களுக்குள் அதன்மீது முடிவெடுக்க வேண்டும். அம்முடிவில் நிறைவில்லையேல் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம்.

இரண்டாவது, வேறு அரசுப் பள்ளிக்கோ உதவிபெறும் பள்ளிக்கோ மாறுவது. மாறுதல் கேட்ட உடனே தலைமையாசிரியர் சான்றிதழ் வழங்க வேண்டும் என்கிறது 5-ஆம் பிரிவு. சான்றிதழ் தாமதமானதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கலாகாது. அடித்துத் துன்புறுத்தும் இடத்திலோ, பலமுறை கேட்டும் கற்பிக்க ஆளில்லாத இடத்திலோ பிள்ளையை விட்டுவைப்பது பொறுமையில் சேராது. அங்கிருந்து மாற்றுவதே சரி.

மூன்றாவது, தனியார் பள்ளி. 25 விழுக்காட்டு ஒதுக்கீடு நுழைவு வகுப்பான எல்.கே.ஜி. அல்லது ஒன்றாம் வகுப்புக்கு மட்டுமே உரியது. ஐந்தாம் வகுப்பில் விழித்துக்கொண்டு அதை நாட முடியாது. நிதிச் சிக்கலால் 2025-இல் அச்சேர்க்கையே பல மாதங்கள் தாமதமாயிற்று. எனவே பெரும்பாலோருக்கு அது கட்டணம் கட்டிப் படிக்கும் வழிதான். அக்கட்டணத்துக்காக நகைக்கடன் வாங்கி ஆண்டுதோறும் வட்டி கட்டும் குடும்பங்களை நாம் அறிவோம். வட்டியைப் பற்றி இங்கே நான் விளக்கவேண்டியதில்லை. பிள்ளையின் அறிவுக்காக என்று எண்ணி அதில் இறங்குமுன், கட்டணமில்லாத பள்ளியை ஒருமுறையேனும் நேரில் கேட்டுப் பார்த்தோமா?

இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றோருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காட்டு முன்னுரிமை ஒதுக்கீடு 2020-இல் வந்தது. மறு ஆண்டு பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் அது நீட்டிக்கப்பட்டது. அவ்வாறு பயின்று உயர்கல்வி செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் ‘புதுமைப் பெண்’ திட்டம் 2022-இல் தொடங்கியது. பின்னர் அது உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் பயின்ற மாணவியருக்கும் கிடைத்தது. ஆறாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாறும் பிள்ளை இவ்வாயில்களையும் சேர்த்தே விட்டுச் செல்கிறது. விடுவதா, வைத்துக்கொள்வதா என்பது உங்கள் முடிவு. ஆனால் விடுவது இன்னதென்று தெரிந்து விடுங்கள்.

நம் சொந்தப் பள்ளிகளின் கணக்கு

இதுவரை அரசுப் பள்ளிகளைப் பற்றியே பேசினோம். இனி நம் வீட்டுக் கண்ணாடியையும் பார்க்க வேண்டும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு, அவை உதவி பெறுபவையாயினும் பெறாதவையாயினும், இந்தக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று உச்சநீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. நம் நிறுவனங்களை நாமே நிர்வகிக்கும் அரசியலமைப்பு உரிமையைக் காத்த தீர்ப்பு அது. அவ்வுரிமை பெரிது, அதை எவரும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. பெற்றோரிடம் பிள்ளையின் நிலையைச் சொல்லவேண்டும் என்ற சட்டக் கட்டாயத்திலிருந்து நம் பள்ளி விலக்குப் பெற்றிருக்கலாம். அமானிதத்திலிருந்து விலக்குப் பெற்றிருக்கிறதா? ஒவ்வொருவரும் தத்தம் பொறுப்பைப் பற்றி மறுமையில் விசாரிக்கப்படுவார் என்ற நபிமொழியை ஜும்ஆ மேடைகளில் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். தாளாளரும் அதில் அடங்குவார். பொதுத்தேர்வில் முதலிடம் பெற்ற மூவரின் படங்களைப் பெரிய பதாகையில் அச்சிடும் பள்ளி, எட்டாம் வகுப்பில் தடுமாறும் முப்பது பேரின் நிலையை அவர்களுடைய பெற்றோரிடமாவது தனித்தனியே சொல்ல வேண்டும். எத்தனை ஆசிரியர்கள் முழுத் தகுதி பெற்றவர்கள், பத்தாம் வகுப்புக்கு முன்பே எத்தனை பேர் விலகினர், இவ்வாண்டு எதைச் சீர்செய்யப் போகிறோம் என்ற மூன்றையும் ஆண்டுக்கொரு முறை ஜமாஅத்தார் முன்னிலையில் வைக்கட்டும். சட்டம் கேட்காத இடத்தில் தானே முன்வந்து கணக்குக் காட்டுவதற்குப் பெயர்தான் அமானிதம்.

ஜமாஅத் என்ன செய்யலாம்?

பத்ருப் போரில் சிறைபட்டோரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், மதீனாவின் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுத்தறிவித்தால் அதுவே அவர்களின் மீட்புத் தொகை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டதைச் சீறா நூல்கள் குறிப்பிடுகின்றன. எழுத்தறிவு பகைவர் வழியாக வந்தபோதும் அது மறுக்கப்படவில்லை. நம் தெருவின் மாநகராட்சிப் பள்ளி நமக்குப் பகையுமன்று, அந்நியமுமன்று. நாட்டில் பள்ளி வயது முஸ்லிம் குழந்தைகளில் ஏறத்தாழ 3 விழுக்காட்டினரே மதரஸாக்களில் மட்டும் பயில்கின்றனர் என்று 2006-இல் சச்சார் குழு காட்டியது. அதாவது நம் பிள்ளைகளின் கல்வி பெரும்பாலும் பொதுப் பள்ளிகளிலேயே தீர்மானமாகிறது.

ஆகவே ஜமாஅத்துகள் செய்யக்கூடிய எளிய காரியங்கள் சில உள. மாலை நேர மக்தபும் பள்ளியின் மாலைநேரச் சிறப்பு வகுப்பும் ஒரே நேரத்தில் மோதாதபடி உஸ்தாதும் தலைமையாசிரியரும் ஒருமுறை அமர்ந்து பேசட்டும். மோதினால் பிள்ளை இரண்டிலொன்றை இழக்கிறது. பெரும்பாலும் பள்ளி வகுப்பையே இழக்கிறது. மக்தப் முடிந்தபின் அரை மணி நேரம் தமிழ் வாசிப்புக்கு ஒதுக்கி, கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகளைக் கொண்டு சொல்லித்தரச் செய்யலாம். நீண்ட நாள் வராத பிள்ளைகளின் வீடுகளுக்குச் சென்று விசாரிக்கலாம்.

கொடுப்பதற்கு முன்னுதாரணம் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஒத்தக்கடையை அடுத்த கொடிக்குளம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி உயர்நிலைப் பள்ளியாக வேண்டும் என்பதற்காக, ஆயி என்கிற பூரணம் அம்மாள் 2024 ஜனவரியில் தம் 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தைக் கல்வித் துறைக்கு எழுதிக் கொடுத்தார். மறைந்த மகளின் நினைவாக அவர் செய்த கொடை அது. ஸதகத்துல் ஜாரியா என்னும் சொல்லை நாம் மேடைகளில் விளக்குகிறோம். அந்த அம்மையார் அதை நம் மாவட்டத்திலேயே செய்து காட்டினார். நம்மில் எல்லோரிடமும் நிலம் இல்லை. மாதத்தில் இரண்டு மணி நேரம் எல்லோரிடமும் இருக்கிறது.

அந்தச் சகோதரி மாற்றுச் சான்றிதழ் வாங்காமலே அன்று திரும்பினார். “ஒரு வருசம் பாப்போம்” என்றார். பிள்ளை அதன்பின் நாள் தவறாமல் பள்ளிக்குச் சென்றாள். இப்போது வேகமாக வாசிக்கிறாள் என்று சொல்ல மாட்டேன். ஒரு பக்கத்தைத் தானே வாசித்து முடிக்கிறாள். ஆறாம் வகுப்புக்கு எங்கே சேர்ப்பது என்ற கேள்வி இப்போது அவர் முன்னால் இருக்கிறது. இம்முறை அவர் என்னை அழைக்கவில்லை. தாமே இரண்டு பள்ளிகளுக்குச் சென்று கேட்டு வந்திருக்கிறார். சங்கிலி இன்னும் கழுத்தில்தான் இருக்கிறது.

மேலாண்மைக் குழுக் கூட்டத்தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் நடத்துவது நம் பள்ளிகளில் வழக்கமாகியுள்ளது. நாள் எதுவென்று உங்கள் பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள். ஜும்ஆ முடிந்து, உணவருந்தி, பள்ளிக்கூடத்துக்கும் ஒருமுறை நடந்து வாருங்கள். இன்ஷா அல்லாஹ், மாற்றுச் சான்றிதழ் தேவையா இல்லையா என்பதை அங்கே அமர்ந்து கேட்டபின் முடிவு செய்யலாம்.